கணேஷ்கிண்ட் பங்களாவும் சாவித்திரிபாயும் - புனே யூனிவர்சிட்டியின் கதை

விமான் நகரில் இருக்கும் நம்மவர்களிடம் "புனே யூனிவர்சிட்டி எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், "அதுவா, ஹிஞ்சேவாடி போற வழியில வண்டியெல்லாம் நிக்குமே, அந்த சிக்னல்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். தப்பில்லை. அங்கே இருந்த மேம்பாலத்தை 2020-ல் மெட்ரோ வேலைக்காக இடித்தபோது, கம்பெனி பஸ்ஸில் தூங்கியே பாதி வாழ்க்கையைக் கழித்தவர்களில் நானும் ஒருவன். :-) ஆனால் அந்த சிக்னலுக்குப் பின்னால் ஆலமரங்களுக்கு நடுவே சுமார் 411 ஏக்கரில் ஒரு பெரிய கதை படுத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சொல்ல ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என் பெண் அங்கே எம்.ஏ. வரலாறு சேர்ந்திருக்கிறாள். ஊரிலிருந்து போன் மேல் போன். "ஏம்ப்பா, அங்க விமான் நகர்லயே பளபளன்னு தனியார் காலேஜ் இருக்காமே, அதை விட்டுட்டு கவர்மெண்ட் யூனிவர்சிட்டியா? அதுவும் வரலாறா?" என்று சித்தப்பா கேட்டார். அத்தை இன்னும் ஒரு படி மேலே போய், "சென்னைக்கு அனுப்பியிருக்கலாமே, நம்ம ஊர் மாதிரி ஆகுமா?" என்றார். இரண்டு பேருக்கும் போனில் பதில் சொல்லி முடியாது. எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் இடம். கணேஷ்கிண்ட் என்பது அந்தப் பகுதியின் பழைய பெயர். மராத்தியில் 'கிண்ட்' என்றால் கணவாய். 1817 நவம்பர் 5-ம் தேதி பேஷ்வாவின் படைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கும் காட்கிச் சண்டை நடந்தது இந்தப் பக்கத்து வெளியில்தான். பேஷ்வா படையை நடத்தியவர் பாபு கோகலே. அன்று தோற்றதோடு புனே கைவிட்டுப் போனது. சில மாதங்களில் பேஷ்வா ஆட்சியே முடிந்தது. ஜெயித்தவர்கள் அந்த மண்ணிலேயே பிறகு ஒரு மாளிகை கட்டினார்கள் என்பதைத் தற்செயல் என்று நினைத்தாலும் சரி, வேறு மாதிரி நினைத்தாலும் சரி, உங்கள் விருப்பம்.

அந்த மாளிகைதான் இன்றைய யூனிவர்சிட்டியின் முதன்மைக் கட்டடம். நம்ம மதராஸ் கவர்னருக்கு வெயில் காலத்தில் ஊட்டி மாதிரி, பம்பாய் கவர்னருக்கு மழைக்காலத்தில் புனே. கவர்னர் சர் பார்ட்டில் ஃபிரேர் காலத்தில், 1864-ல் வேலை ஆரம்பித்தது. வரைந்தவர் ஜேம்ஸ் ட்ரப்ஷா என்ற கட்டடக் கலைஞர். விக்டோரியா மகாராணிக்காக அவருடைய கணவர் ஆல்பர்ட் இளவரசர் வைட் தீவில் எழுப்பிய ஆஸ்போர்ன் மாளிகைதான் முன்மாதிரி. 80 அடிக் கோபுரம், நடன மண்டபம், விருந்துக் கூடம். 1871-ல் கட்டி முடித்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் காரணமாக பம்பாய் பருத்திக்கு விலை எகிறிக் காசு கொழித்த நேரத்தில் ஆரம்பித்த திட்டம் அது. போர் 1865-ல் முடிந்ததும் பருத்தி விலை சரிந்தது. மாளிகைச் செலவு மட்டும் சரியவில்லை. பம்பாய் கவர்னர்களின் ஊதாரித்தனத்துக்கு உதாரணமாக லண்டன் பாராளுமன்றத்தில் சொல்லிக் காட்டும் அளவுக்குப் போனது.

விமான் நகரிலிருந்து நாம் தினமும் கடந்து போகும் யெரவாடா மத்திய சிறையும் கட்டப்பட்டது அதே 1871-ல்தான். ஒரே வருஷத்தில் ஊரின் ஒரு பக்கம் மாளிகை, இன்னொரு பக்கம் ஜெயில். இந்த இரண்டுக்கும் தொடர்பு சீக்கிரமே வந்துவிட்டது. அதற்கு 1897-க்குப் போகவேண்டும்.

1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. அடுத்த சில மாதங்களில் புனேயைப் பிடித்தது. நோயை ஒடுக்க டபிள்யூ.சி. ராண்ட் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் கீழ் ஒரு தனிக் குழு போட்டார்கள். நோயாளிகளைக் கண்டுபிடிக்க வீட்டுக்கு வீடு நுழைந்தவர்கள் பட்டாளத்துச் சிப்பாய்கள். பூஜை அறை, சமையலறை, பெண்கள் இருக்கும் அறை என்று எதையும் விடவில்லை. சாமான்களைத் தூக்கித் தெருவில் எறிந்தார்கள், எரித்தார்கள், குடும்பங்களைப் பிரித்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். நோய் பரவாமல் தடுக்க ஏதோ ஒன்று செய்யத்தான் வேண்டியிருந்தது. 2020-ல் கொரோனா சமயத்தில் புனேயில் அடைந்து கிடந்த நமக்கு அது புரியும். ஆனால் அதைச் செய்த விதம் ஊரையே கொதிக்க வைத்தது.

அந்தக் கொதிப்பு அடங்குவதற்குள் ஜூன் 22 வந்தது. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்த அறுபதாம் ஆண்டு வைரவிழா. கணேஷ்கிண்ட் மாளிகையில் விளக்கு அலங்காரம், விருந்து. விருந்து முடிந்து இரவில் ராண்ட் குதிரை வண்டியில் திரும்பும்போது கணேஷ்கிண்ட் சாலையில் தாமோதர் சாப்பேகர் சுட்டார். பின்னால் வந்த வண்டியில் இருந்த லெப்டினன்ட் அயர்ஸ்ட்டை அவருடைய தம்பி பாலகிருஷ்ணன் சுட்டார். அயர்ஸ்ட் அங்கேயே இறந்தார். ராண்ட் ஜூலை 3 வரை இழுத்துக்கொண்டிருந்து இறந்தார். தாமோதரை 1898 ஏப்ரல் 18-ல் தூக்கிலிட்டார்கள். எங்கே? யெரவாடாவில். அடுத்த வருஷம் பாலகிருஷ்ணன், இன்னொரு தம்பி வாசுதேவ், அவர்களுடைய நண்பர் மகாதேவ் ரானடே மூவரையும் தூக்கிலிட்டார்கள். 1897-லேயே திலகருக்கு ராஜத்துரோகக் குற்றம் சாட்டி 18 மாதச் சிறை. '22 ஜூன் 1897' என்ற பெயரில் 1979-ல் ஒரு மராத்திப் படம் வந்தது. கிடைத்தால் பாருங்கள்.

இது புனேயில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. இதே பிளேக்கில், இந்த விருந்துக்கு சுமார் மூன்றரை மாதம் முன்னால் நடந்த இன்னொரு சாவு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. 1897 மார்ச் 10. இறந்தவர் சாவித்திரிபாய் புலே.

சாவித்திரிபாய் 1831 ஜனவரி 3-ல் சாத்தாரா மாவட்டம் நைகாவில் பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் ஜோதிராவ்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். 1848-ல் புனே பிடே வாடாவில் பெண்களுக்கான பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். பாடம் நடத்தப் போகும் வழியில் அவர் மேல் சாணியும் சேறும் எறிந்தார்கள் என்பதும், மாற்றிக்கொள்ள இன்னொரு சேலையை எடுத்துக்கொண்டு போவார் என்பதும் இங்கே எல்லோரும் சொல்லும் செய்தி. 1873-ல் ஜோதிராவ் சத்யசோதக் சமாஜத்தை ஆரம்பித்தார். 1876-77 பஞ்சத்தில் (நம்ம பக்கத்தில் தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிகள் சொல்வார்களே, அதே பஞ்சம்தான்) இருவரும் குழந்தைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். 1890-ல் ஜோதிராவ் காலமானார்.

பிளேக் வந்தபோது சாவித்திரிபாய்க்கு வயது 66. வளர்ப்பு மகன் யஷ்வந்த் டாக்டர். ஹடப்ஸர் பக்கம் நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை போட்டார். முண்ட்வாவுக்கு வெளியே இருந்த தலித் குடியிருப்பில் ஒரு சிறுவனுக்கு பிளேக் என்று தெரிந்து, சாவித்திரிபாய் தானே போய் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பையனிடமிருந்து அவருக்கு நோய் தொற்றிக்கொண்டது என்பார்கள். முண்ட்வா எங்கே இருக்கிறது? கராடியிலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் முண்ட்வா. நம்மில் பலர் வாரக் கடைசியில் சாப்பிடப் போகும் இடம்!

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஊர், ஒரே வருஷம், ஒரே நோய். மார்ச்சில் முண்ட்வா பக்கத்தில் நோயாளிச் சிறுவனைத் தூக்கிச் சுமந்த பெண் சாகிறார். ஜூனில் கணேஷ்கிண்ட் மாளிகையில் விருந்து நடக்கிறது. அன்று அந்த மாளிகையின் வாசல் அவருக்குத் திறந்திருக்காது. 2014-ல் புனே யூனிவர்சிட்டி 'சாவித்திரிபாய் புலே புனே வித்யாபீட்' ஆனது. 2022-ல் முதன்மைக் கட்டடத்துக்கு அருகில் அவருடைய சிலையும் வந்துவிட்டது. நடனமாடிய வீட்டுக்கு நோயாளியைச் சுமந்தவரின் பெயர்! "பேரு ரொம்ப நீளமா இருக்கே" என்று அலுத்துக்கொள்ளும் ஆட்டோக்காரரிடம் நான் இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். என் மராத்தியில் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, ஆனால் சில்லறையைச் சரியாகக் கொடுத்தார். :-)

சரி, மாளிகை எப்படி யூனிவர்சிட்டி ஆனது?

1857-ல் கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்று இடங்களிலும் பல்கலைக்கழகம் வந்தது நமக்குத் தெரியும். புனேயில் டெக்கான் கல்லூரியின் வேர் 1821-க்குப் போகிறது, பொறியியல் கல்லூரி 1854, ஃபெர்குசன் 1885. இத்தனை இருந்தும் பட்டம் வாங்குவது பம்பாய் யூனிவர்சிட்டியின் பெயரில்தான். மதராஸ் மாகாணத்தில் நமக்கு 1929-லேயே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டது. இங்கே மராத்திக்காரர்கள் 'எங்கள் பகுதிக்கு ஒன்று' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1940-களில் எம்.ஆர். ஜெயகர் தலைமையில் ஒரு குழு போடப்பட்டது. சுதந்திரம் வந்தபின் 1948-ல் சட்டம் நிறைவேறி, 1949 பிப்ரவரி 10-ல் பூனா யூனிவர்சிட்டி பிறந்தது. அந்த வருஷமே பம்பாய் மாகாணத்தில் குஜராத், பரோடா, கர்நாடகம் என்று வரிசையாகப் பல்கலைக்கழகங்கள் வந்தன. மொழிவாரி மாநிலம் வருவதற்கு முன்னோட்டம் என்றே சொல்லலாம். மகாராஷ்டிரம் தனி மாநிலமானது 1960 மே 1-ல்.

முதல் துணைவேந்தரும் ஜெயகர்தான். இவர் பெயரை நாம் வேறு இடத்திலும் பார்க்கலாம். 1932 செப்டம்பர் 24-ல் யெரவாடா சிறையில் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானதே, அதில் அம்பேத்கரோடு நம்ம இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, ராஜாஜி ஆகியோர் கையெழுத்து இருக்கிறது. ஜெயகர் கையெழுத்தும் இருக்கிறது. அந்த ஜெயகர், முதலில் பண்டார்கர் ஆய்வு நிறுவனத்தின் நிஜாம் விருந்தினர் இல்லத்தில் யூனிவர்சிட்டி ஆபீஸை ஆரம்பித்தார். சில மாதங்களில், பம்பாய் முதல்வர் பி.ஜி. கேர் கணேஷ்கிண்ட் மாளிகையையே கொடுத்துவிட்டார். சுதந்திர நாட்டில் கவர்னருக்கு எதற்கு இத்தனை பங்களா என்ற காலம் அது. முதல் வருஷம் 18 கல்லூரிகள், 8000-க்கு மேல் மாணவர்கள். 1956-ல் ஜெயகருக்குப் பிறகு வந்தவர் ஆர்.பி. பராஞ்சபே. கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் 1899-ல் முதலிடம் வாங்கிய இந்தியர் அவர்தான்.

ஆரம்பத்தில் தெற்கே கோலாப்பூர் வரை, வடக்கே ஜல்காவ் வரை இதன் எல்லைதான். 1962-ல் கோலாப்பூரில் சிவாஜி யூனிவர்சிட்டி பிரிந்தது. 1990-ல் ஜல்காவில் வடமகாராஷ்டிர யூனிவர்சிட்டி வந்தது. இப்போது முக்கியமாக மூன்று மாவட்டங்கள்: புனே, நாசிக், அகில்யாநகர் (பழைய அகமத்நகர்). மூன்று மாவட்டம்தானே என்று நினைக்கவேண்டாம். நூற்றுக்கணக்கான கல்லூரிகள், லட்சக்கணக்கான பிள்ளைகள். ஆபீஸில் உங்கள் பக்கத்து சீட் மராத்திப் பையனின் பி.ஈ. சான்றிதழை வாங்கிப் பாருங்கள், அநேகமாக இந்தப் பெயர்தான் இருக்கும்.

இனி, அத்தைக்கான பதில். "நம்ம ஊர் மாதிரி ஆகுமா?" என்று கேட்டாரே, அந்த வளாகத்தில் நம்ம ஊரும் கொஞ்சம் இருக்கிறது.

1988-ல் ஜயந்த் நார்லீகர் அங்கே வானியல், வானியற்பியலுக்கான மையத்தைத் தொடங்கினார். அயூகா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கட்டடம் சார்லஸ் கொரியாவுடையது. உள்முற்றத்தில் ஆரியபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன் நான்கு பேரும் சிலையாக இருக்கிறார்கள். 1992 டிசம்பரில் அதை நாட்டுக்கு அர்ப்பணிக்க வந்தவர் யார் தெரியுமா? மதராஸ் பிரசிடென்சி கல்லூரியில் படித்து, 1983-ல் நோபல் பரிசு வாங்கிய நம்ம சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் பெயரில் அங்கே ஓர் அரங்கமும் உண்டு. நார்லீகர் 2025 மே மாதம் காலமானார்.

பக்கத்திலேயே ரேடியோ வானியல் மையம். நீலகிரியில் ஊட்டிக்குப் பக்கத்தில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு தொலைநோக்கி நிற்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டி 1970-ல் இயங்க ஆரம்பித்தது. ஊட்டி இருப்பது சுமார் 11 டிகிரி அட்சரேகையில். அதே அளவு சரிவுள்ள ஒரு மலைச்சரிவைத் தேடிப்பிடித்து அதன் மேல் தொலைநோக்கியைக் கிடத்தினார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு நட்சத்திரத்தை மணிக்கணக்கில் தொடரலாம். அந்த ஊட்டித் தொலைநோக்கியை நிர்வகிப்பது இந்த புனே மையம்தான். நாராயண்காவ் பக்கம் கோடத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களை வரிசையாக நிறுத்தியிருப்பதும் இவர்களே.

இன்னொன்று நம்ம கம்ப்யூட்டர் ஆட்களுக்கு. அமெரிக்கா சூப்பர் கம்ப்யூட்டர் தர மறுத்த நேரத்தில், 1988-ல் சி-டாக் பிறந்தது இந்த வளாகத்தில்தான். 1991-ல் பரம் 8000 வந்தது. அவர்களே இந்திய மொழிகளைக் கணினியில் ஏற்றும் வேலையும் செய்தார்கள். 2005-ல் தமிழ் எழுத்துருக்களும் மென்பொருளும் அடங்கிய குறுந்தகடு இலவசமாகக் கிடைத்ததே, தபாலில் வரவழைத்துக் காத்திருந்தோமே, அதன் பின்னாலும் சி-டாக் உண்டு. வெளியூரில் இருந்துகொண்டு தமிழில் தட்டச்சு செய்ய ஆரம்பித்த பலருக்கு அது கைகொடுத்தது.

இதெல்லாம் பெரிய விஷயங்கள். என் பெண் சொல்லும் கதைகள் வேறு மாதிரி. முதல் வாரம் வீட்டுக்கு வந்து, "அப்பா, அந்தப் பழைய ஹால்லதான் டான்ஸ் ஆடினாங்களாம்" என்றாள். இரண்டாவது வாரத்திலிருந்து அனிகேத் கேன்டீன், வடா பாவ், டீ, ஜெயகர் நூலகம். நூலகத்தில் பாதிப்பேர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். நாசிக் மாவட்டத்து வெங்காய விவசாயி வீட்டுப் பெண், அகில்யாநகர் பக்கத்துக் கரும்பு வெட்டும் குடும்பத்துப் பையன், இவர்கள்தான் இவளுடைய கூட்டாளிகள். இரண்டு பேருமே அவரவர் வீட்டில் முதல் பட்டதாரி. 'கமவா ஆணி ஷிகா' என்று ஒரு திட்டம், 'சம்பாதி, படி' என்று அர்த்தம். கர்மவீர் பாவுராவ் பாட்டீல் பெயரில் நடக்கிறது. தினமும் சில மணி நேரம் நூலகத்திலோ ஆபீஸிலோ தோட்டத்திலோ வேலை செய்தால் கூலி உண்டு. அந்தப் பையன் அதில்தான் சாப்பாட்டுச் செலவைச் சமாளிக்கிறான். இவனைப் போன்றவர்களுக்கு வேறு வாசல் இல்லை.

1882-ல் ஹண்டர் கமிஷன் முன்னால் ஜோதிராவ் புலே சொன்னதும் இதைத்தான். உழவன் கட்டும் வரியில் மேல்தட்டுப் பிள்ளைகள் உயர்கல்வி படிக்கிறார்கள், உழவன் பிள்ளைக்கு ஆரம்பப் பள்ளிக்கூடம்கூட இல்லை என்றார். 1888-ல் மகாராணியின் மகன் கன்னாட் கோமகன் புனே வந்தபோது நடந்த விருந்துக்கும் விவசாயி உடையிலேயே போய், இந்தியாவின் நிஜமான நிலைமையை மகாராணியிடம் சொல்லுங்கள் என்று பேசினார். இன்று அந்த உழவன் வீட்டுப் பையன் மகாராணியின் வைரவிழா நடந்த வளாகத்தில் படிக்கிறான்.

எல்லாம் தேனும் பாலும் என்று சொல்லமாட்டேன். ஆசிரியர் பணியிடங்கள் வருஷக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றன, ஒப்பந்த ஆசிரியர்களை வைத்து ஓட்டுகிறார்கள். 2025 தேசியத் தரவரிசையில் நன்றாகவே சறுக்கியது. விடுதியில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. சித்தப்பா கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, பாரதிதாசன் பல்கலைக்கழகச் சான்றிதழை வைத்துத்தான் நான் இந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்தேன். 1982-ல் திருச்சியில் அதை ஆரம்பிக்காமல் இருந்திருந்தால், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் வெளியே வந்திருப்போம்? நாம் எல்லோருமே ஏதோ ஒரு மாவட்டத்து அரசுப் பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள்தான். நம்ம பிள்ளைகளுக்கு அது தேவைப்படாமல் போயிருக்கலாம். அதற்காக அது நலிந்து போவதை 'நமக்கென்ன' என்று பார்த்துக்கொண்டிருப்பது நன்றியில்லை.

என் பெண் இப்போது மோடி எழுத்து படிக்கக் கற்றுக்கொள்கிறாள். பழைய மராத்தி ஆவணங்கள் அந்த எழுத்தில்தான் இருக்கின்றன. நம்ம தஞ்சாவூர் சரஸ்வதி மகாலிலும் மராத்திய மன்னர் காலத்து மோடி ஆவணங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன என்று சொன்னபோது அவள் கண் விரிந்தது. "அப்ப நம்ம ஊர்க் கதையைப் படிக்க இந்த ஊர்லதான் கத்துக்கணுமாப்பா?" என்றாள். அத்தை, இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

புனேயில் இருக்கும் நண்பர்கள் ஒருமுறையாவது குடும்பத்தோடு போய்வாருங்கள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்தன்று அயூகாவில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். விமான் நகரிலிருந்து யெரவாடா, ஹோல்கர் பாலம், காட்கி வழியாகப் போனால் போக்குவரத்து கொஞ்சம் குறைவு. போகும்போது யெரவாடா சிறைச் சுவரைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உள்ளே போய் அந்தக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, சாவித்திரிபாய் சிலைப் பக்கமும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.